கத்தியை மட்டும் விட்டுட்டோமே

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களாவின் கண்ணாடிக் கூடத்தில் நாற்பது ஓர்க்கிட் செடிகள் இருந்தன. பூக்காத நாளில் பார்த்தால் வெங்காயத் தாள் மாதிரிதான் இருக்கும். ஆனால் துரையின் மனைவியான துரைசாணிக்கு அவை பெற்ற பிள்ளைகளுக்கும் மேல்.

அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இப்போது சீக்கு. இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்து, செடிகள் ஒவ்வொன்றாக அழுகின.

தோட்டக்காரர் பழனியாண்டி கிருமி மருந்தைத் தண்ணீரில் கலந்து, காலையும் மாலையும் பம்பால் அடித்தார். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் வேலாயி தண்ணீர் சுமப்பாள். பத்து வயதுக்கு அது பெரிய வாளிதான். வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும்போது இருவருக்கும் பேசக்கூடத் தெம்பிருக்காது.

மருந்து அடிக்க அடிக்கப் புள்ளியும் பரவியது. இன்னும் ஒரு செடி கெட்டால் பழனியாண்டி மலையில் தேயிலைக் கிளை நறுக்கும் கவ்வாத்து வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று துரைசாணி சொல்லிவிட்டார். மலையில் சறுக்கி முழங்கால் முறிந்ததால்தான் அவருக்குப் பங்களா வேலையே கிடைத்தது. அந்தக் காலோடு அப்பா எப்படி மலை ஏறுவார்? வேலாயிக்கு இதே கவலை.

அன்று மாலை அவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். பன்னிரண்டு வாளி சுமந்திருந்தாள்.

அப்பா நோய்பிடித்த இலையை அறுத்தார். இடுப்பில் கட்டிய சாக்கில் கத்தியைத் துடைத்தார். அதே கத்தியால் அடுத்த செடியின் காய்ந்த இலையை நறுக்கினார். பதினைந்து வருடம் தேயிலையில் கவ்வாத்து வெட்டிய கை அது. வரிசையாக நிரை பிடித்தால் நிற்காது.

வேலாயி கவனித்தாள்: கத்தி போன வழியிலேயே புள்ளியும் வரிசையாகப் போயிருந்தது. கத்தி படாத மேல்தட்டுச் செடிகளில் ஒரு புள்ளிகூட இல்லை.

போன மாதம் டிஸ்பென்சரி ஐயா பள்ளிக்கூடத்தில் அம்மை குத்தியது அவளுக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊசியை நெருப்பில் காட்டினார். ஒருவர் சீக்கு மற்றவருக்கு ஒட்டக்கூடாதாம்.

இதை எப்படிச் சொல்வது? இவ்வளவு பாடுபட்ட மனிதரிடம், பரப்பியதே நீங்கள்தான் என்றா?

"அப்பா, செடிக்கெல்லாம் மருந்து அடிக்கிறோம். கத்திய மட்டும் விட்டுட்டோமே" என்றாள்.

பழனியாண்டி கத்தியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒரு டப்பாவில் மருந்தை ஊற்றிக் கத்தியை முக்கினார்.

அதன்பிறகு ஒரு செடி முடிந்தால் ஒரு முக்கு. ஒரு கத்தி ஊறும்போது இன்னொரு கத்தி அறுத்தது. வேலை இரட்டிப்பானது, அலுப்பும்தான். இரண்டு வாரத்தில் புதிதாக ஒரு புள்ளியும் விழவில்லை. துரைசாணி ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, பழனியாண்டியே கூடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

லயத்துக்கு இறங்கும் வழியில் பழனியாண்டி ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"நான்தானே தாயி, அதுங்களுக்குச் சீக்க ஒட்டவச்சிருக்கேன்?"

"கத்திதாம்ப்பா" என்றாள் வேலாயி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்திருக்கத்தான் தெம்பில்லை. வேலாயி கையை நீட்டினாள்.