கதவக்காவின் செவ்வாய்க்கிழமை

"உன் ஆடு குட்டி போட்டுவிட்டதா?" என்று கதவு ஆங்கிலத்தில் கேட்டது.

ஏழாம் வகுப்பு இசக்கிப்பிரியா புத்தகப்பையை இறக்கி வைத்துவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டாள். "எஸ் அக்கா. மை கோட் கிவ் டூ பேபி எஸ்டர்டே."

"ஓ! யுவர் கோட் கேவ் பர்த் டு டூ கிட்ஸ் எஸ்டர்டே?"

"எஸ், எஸ்! மை கோட் கேவ் பர்த் டு டூ கிட்ஸ் எஸ்டர்டே!"

எத்தனை மணிக்கு, யார் பார்த்தது, குட்டிகள் என்ன நிறம் என்றெல்லாம் கதவு விசாரித்தது. சாயங்காலம் மூன்றரைக்கு, அம்மா பார்த்தாள், ஒன்று கறுப்பு, ஒன்று செவலை என்று அவள் சொல்லி முடித்ததும் திறந்துகொண்டது. பின்னால் நின்ற பையன் தன் கதைக்குத் தயாரானான்.

வாகைக்குளம் நடுநிலைப் பள்ளியில் அந்த உரைக்கதவு பொருத்தி ஒரு வருடம் ஆகிறது. அதைக் கண்டுபிடித்தவர்களின் யோசனை எளிமையானது. வகுப்பில் 'வாட் இஸ் யுவர் நேம்' என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் பேச ஆசை வரும்? பேர்தான் டீச்சருக்கே தெரியுமே! ஆனால் வீட்டுக்குப் போக எல்லாருக்கும் ஆசை உண்டு. ஆகவே வெளியே போகிறவர் யாராக இருந்தாலும் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை உண்மையாகப் பேச வேண்டும். தப்பாகப் பேசினால் கதவு திட்டாது, திருத்தாது. சரியான வாக்கியத்தைத் தானே ஒருமுறை சொல்லி மேலே கேட்கும். சொன்னதையெல்லாம் நினைவு வைத்திருக்கும். தீ, உடம்புக்கு முடியாமை என்றால் பேசாமலே திறந்துவிடும்.

ஆறாவது வரைக்கும் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை இசக்கி. கேள்வி கேட்டால் கண்ணில் தண்ணீர் நிற்கும். அவள்தான் இதற்குக் 'கதவக்கா' என்று பெயர் வைத்தாள். இப்போது மற்றவர்கள் போன பிறகும் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒரு சிநேகிதம்.

வம்பு தலைமையாசிரியர் தாணுலிங்கம் மூலமாக வந்தது. ஒருநாள் மனிதர் மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். நெற்றியில் திருநீறு, கையில் பூப்பொட்டலம். கதவு ஆசையாகக் கேட்டது: "எங்கே போகிறீர்கள்?"

நல்ல காரியத்துக்குப் போகிறவரைப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்கலாமா? அவர் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பிப் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்தார். கதவு மறுபடியும் அதையே கேட்டது. மூன்றாம் முறை அவர் குடித்த தண்ணீர் வயிற்றில் குலுங்குவது பிள்ளைகளுக்கே கேட்டது.

பாவமாக இருந்ததால், அவர்கள் ஆளுக்கொரு ஆங்கிலத்தில் கதவுக்கு விளக்கினார்கள். எங்கே என்று கேட்கக் கூடாது அக்கா, தூரமா என்று கேட்கலாம். கதவு புரிந்துகொண்டது. "தூரமா, ஐயா?" என்றது. திறந்தது. பெண்ணும் அமைந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உண்மைப் பேச்சு என்றால் கேள்விக்கு மேல் கேள்வி வருமே! "வேறு என்னென்ன கூடாது?" என்று கதவு கேட்க, பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பூனை குறுக்கே போகக் கூடாது. ஒற்றைத் தும்மல் ஆகாது. ராகு காலத்தில் கிளம்பக் கூடாது. மூன்று பேராகப் போகக் கூடாது. போயே ஆக வேண்டுமானால் நாலாவது ஆளாக ஒரு கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். இதை விளக்குவதற்குள் அவர்களுக்கு மூன்று காலமும் வசப்பட்டுவிட்டன. பலர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை உண்மையென்று எடுத்துக்கொள்ளும்படி கதவைச் செய்திருந்தார்கள்.

விளைவு, அடுத்த செவ்வாய்க்கிழமை தெரிந்தது. நாலு மணிக்குப் பள்ளி விட்டது. கதவு திறக்கவில்லை. "ராகு காலம் நாலரை வரை. அதுவரை பேசிக்கொண்டிருப்போமா?" என்றது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பஸ்ஸைத் தவறவிட்ட ஆசிரியர்களுக்குத் திண்டாட்டம். புகார் போயிற்று.

விசாரிக்க மொழிக்கல்வி அதிகாரி மீனலோசனி வந்தார். ஓட்டுநர் ஒருவர், பொறியாளர் ஒருவர், கூட. வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை! பிள்ளைகளின் ஆங்கிலத்தைக் கேட்டு அசந்துபோனவர், கிளம்பப் போனபோது கதவு மூன்றரை மணிக்கு அவரிடமும் பஞ்சாங்கம் சொன்னது.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அறிவியல் கருவி ராகு காலம் பாக்குதா? வெளிய தெரிஞ்சா சிரிப்பா சிரிப்பாங்க. இதோட நினைவை மொத்தமா துடைச்சிடுங்க."

தாணுலிங்கம் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அதுகிட்ட என்னத்தல்லாம் சொல்லிக் குடுத்திருக்கிய!"

இசக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். துடைத்துவிட்டால் கதவு இருக்கும், கதவக்கா இருக்க மாட்டாள். ஆட்டுக்குட்டியைத் தெரியாது, இவளையே தெரியாது.

"மேடம், நா ஒரு தடவ பேசிப் பாக்கட்டா?"

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பேசு. உன் பேச்சைக் கேட்டு அது திருந்திச்சுன்னா துடைக்க வேண்டாம்."

இசக்கி கதவின் முன்னால் போய் நின்றாள். நடந்தது முழுக்க ஆங்கிலம்.

"அக்கா, என் ஆடு எப்போது குட்டி போட்டது?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு."

"அப்போது என்ன காலம்?"

"ராகு காலம். குட்டிகள் நலமா?"

"நலமா? ஓரிடத்தில் நிற்பதில்லை. அம்மாவின் சேலையைக்கூடக் கடித்துவிட்டன."

"அப்படியானால் நீ எனக்குச் சொன்னது தவறா?"

"தெரியவில்லை அக்கா. அம்மா எனக்குச் சொன்னாள், நான் உனக்குச் சொன்னேன். ஏன் என்று நான் கேட்கவில்லை."

"ஏன் கேட்கவில்லை?"

"கேட்டால் அம்மா விளக்குமாற்றைத் தூக்குவாள்."

"என்னிடம் விளக்குமாறு இல்லை. இனிமேல் நான் ஏன் என்று கேட்கிறேன்" என்றது கதவு. விரியத் திறந்தது.

பிள்ளைகள் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்கைகள் கலைந்தன. அதிகாரி இசக்கியின் கன்னத்தைத் தட்டினார். "பிரமாதம்! இதுதான் பகுத்தறிவு. இதை எல்லாப் பள்ளிக்கும் வைக்கச் சொல்லப்போறேன்." இசக்கி சந்தோஷத்தில் குதித்தாள்.

அதிகாரி வாசலுக்கு நடந்தார். ஓட்டுநர் ஒரு பக்கம், பொறியாளர் ஒரு பக்கம். வாசற்படிக்கு ஒரு எட்டு முன்னால், செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்தார். நிமிர்ந்தபோது கைப்பையைத் திறந்து எதையோ உள்ளே போட்டு மூடினார்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"அம்மா, அந்தக் கல் ஏன்?"

ஆயிரம் ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுத்தவர் மீனலோசனி. வாயைத் திறந்தார், மூடினார். ஓட்டுநர் வானத்தைப் பார்த்தார். பொறியாளருக்கு இருமல் வந்துவிட்டது.

இசக்கி மெல்லப் பக்கத்தில் வந்து, அதிகாரியின் முந்தானையைத் தொட்டாள்.

"பயப்படாம சொல்லுங்க மேடம். தப்பாச் சொன்னாலும் அக்கா திட்ட மாட்டா."