ஸ்டோருக்கு வந்த பழுப்புக்கரி

மழையில் நனைந்து கிடந்த கரிக்குவியலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. யாரும் தீ வைக்கவில்லை. செல்லக்கிளி கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் அது. இத்தனை வருஷமும் விறகுதான் எரித்தார்கள். விறகு கட்டுபடியாகவில்லையாம். கரண்டு எடுக்கத் தோண்டுகிற பழுப்பு நிலக்கரியை ஒரு லோடு இறக்கிவிட்டு முதலாளி பாட்டுக்குக் கீழே போய்விட்டார். நல்ல கரியா அது? பாதி ஈரம், மீதி தூள்.

காலையில் அவள் புருஷன் சின்ராசு ஒரு கட்டியைப் பிட்டுக் காட்டினான். உள்ளே மரப்பட்டை அப்படியே இருந்தது.

"எந்தக் காலத்துக் காடோ புள்ள. சகதியில சாஞ்சு, மண்ணு அமுக்கி, காத்தே இல்லாம கெடந்து இப்படி ஆயிருக்கு. இன்னும் கெடந்திருந்தா நல்லாக் கறுத்திருக்கும்."

"தூக்கிப் போடுய்யா அந்தக் கருமத்த!"

மதியம் அடுப்பு மூட்டியதும் உலர்த்தும் அறைக்குள் சூடு கொண்டுபோகும் குழாயிலிருந்து புகை கசிந்தது. களிமண் பூசி அடைக்கச் சின்ராசு உள்ளே போனான். கண்காணி வேலுச்சாமி வெளியே தாழ்ப்பாளைப் போட்டார். முதல் சூட்டில் கதவைத் திறந்தால் காயின் பச்சை போய்விடும், போடி ஏலத்தில் பச்சைக்குத்தான் விலை.

"ஆளு உள்ள இருக்குண்ணே!"

"பூசிட்டுத் தட்டுவான், தெறக்கிறேன். காயி வெளுத்துருச்சுன்னா முதலாளிக்கு யாரு பதில் சொல்றது, ஆத்தா?"

 பனி இறங்கி ஸ்டோரை மூடியது. கதவிடுக்கில் வந்தது புகை நாற்றமில்லை; ஊறி அழுகிய இலையும் குளத்துச் சேறும் கலந்த நாற்றம். தட்டும் சத்தம் வரவில்லை. பாரம் தாங்காமல் மரம் முனகுவது போல உள்ளே ஏதோ நெரிந்தது.

"ஏய்யா! சத்தங் குடுய்யா!"

கதவில் காதை வைத்துக் கேட்டாள்; அதே முனகல்தான்.

"காயி வெளுத்துருமா? நீ நாசமாப் போக!" வேலுச்சாமியை நெட்டித் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள்.

ஆவி. இருட்டு. சேறு.

ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவே நின்றிருந்தான். அசையவில்லை. தோளைப் பிடித்தாள். விரல் உள்ளே இறங்கியது. சூடு. ஈரம். தோள் அடுக்கடுக்காகப் பெயர்ந்து அவள் காலில் விழுந்தது. ரத்தம் இல்லை. பழுப்புத் தூள்.

பின்னால் வேலுச்சாமி அலறிக்கொண்டே ஓடினார்.

சின்ராசுவின் கண் மட்டும் மெல்ல உருண்டு அவளைப் பார்த்தது. வாய் திறந்தது. கீழுதடு உதிர்ந்தது.

"தொடாத புள்ள," என்றான். "நான் இன்னும் இருக்கேன்."