அழிந்தும் இடம் விடாத கோப்பு

மருத்துவமனையின் கணினி அறைக்குள் நுழைந்ததுமே நர்ஸ் அக்கா முறையிட்டாள்.

"ராத்திரி ஊசியை நான் போடவே இல்லன்னு சொல்றாங்க சார். போட்ட கையோட கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். இப்பப் பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல. சாயந்திரத்துக்குள்ள நிரூபிக்கலன்னா வேலை போயிடும்."

அந்த அறையின் தலைவரை எல்லாரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். மருந்து விவரங்களைப் பதியும் நிரல், தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும் லாக் கோப்பை அவர் தேடினார். கோப்பையே காணவில்லை.

அவருடைய உதவியாளனுக்குப் பட்டப்பெயர் 'அவசரம்'. அடுப்புப் பற்றும் முன்னே சோறு வெந்ததா என்று கேட்கிற ரகம்.

"யாரோ அழிச்சிருக்காங்க சார். அக்காவே யாரையாவது விட்டு..." என்று இழுத்தான். சொன்ன வாய் அவனுக்கே கசந்தது. நர்ஸ் அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் மளமளவென்று பேச்சை மாற்றினான். "நிரலை ஒரு தடவை நிறுத்திப் போடலாம் சார். அப்பத்தான் டிஸ்க்ல இடம் வரும்."

"எதையும் தொடாதே" என்றார் கண்ணாடிக்காரர். திரையில் கோப்புகளின் அளவைக் கூட்டிப் பார்த்தார். "டிஸ்க் கிட்டத்தட்ட நிறைஞ்சு கிடக்கு. ஆனா இருக்கிற கோப்பையெல்லாம் கூட்டினா பாதிகூட வரல. மீதி எங்கே?"

"எங்க சார்?" என்றாள் அக்கா.

"அழிச்சவன் கோப்போட பேரைத்தாம்மா அழிச்சான். ஓடுற நிரல் அந்தக் கோப்பை இன்னும் கையில பிடிச்சிருக்கு. அது விடுற வரைக்கும் இடமும் காலியாகாது, எழுதினதும் போகாது. நிறுத்தியிருந்தா நிஜமாவே போயிருக்கும்."

நிரலின் பிடியிலிருந்த கோப்பை அவர் பென் டிரைவில் நகலெடுத்தார். அதில் அக்கா ஏற்றிய ஊசி இருந்தது; அடுத்த வரியில் 'சேமிக்க முடியவில்லை' என்றிருந்தது. பிழை நிரலுடையது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழிச்சது யாரு சார்?"

"தவளை தன் வாயால கெடும். இடம் பத்தலன்னு அதுவரைக்கும் இங்க யாரும் பேசல. நிறுத்தினா இடம் வரும்னு இவன் மட்டும் சொன்னான். இடத்துக்காக அழிச்சு, இடம் வராம முழிச்சவனுக்குத்தான் அது தோணும்."

அவசரத்தின் முகம் வெளிறியது. "நான்தான்க்கா. காலையில டிஸ்க்ல இடம் பத்தலன்னு எச்சரிக்கை வந்துச்சு. கேக்காம அழிச்சிட்டேன்."

"அழிச்சது தெரியாத்தனம் தம்பி. என்னைச் சொன்னியே, அது?"

அவனுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

கண்ணாடிக்காரர் அச்செடுத்த காகிதத்தை அவனிடம் நீட்டினார். "மேலதிகாரிகிட்ட நீயே கொடு. எல்லாத்தையும் நீயே சொல்லு."

அக்கா முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான். பக்கத்தில் நடக்கக் கால் வரவில்லை.