இடுமருந்துப் பழி

சங்கிலிமுத்துவின் முன்னால் இருந்த கம்மங்கஞ்சிக் கும்பாவை எடுத்து வாசலில் கொட்டினாள் அவன் அக்கா ஆவுடைத்தாய்.

"இனி என் தம்பி உன் கையால பச்சத்தண்ணி குடிக்க வேண்டாம்."

வள்ளித்தாய் கணவனைப் பார்த்தாள். கும்பா எங்கே போயிற்று என்று தெரியாமல் அவன் வெறும் தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருடம் வெடிமருந்து கலந்தவன் அவன். அளவு தப்பியதே இல்லை. முந்தின நாள் கலவையில் வேறு பொடியைக் கொட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். பக்கத்து அறையில் பதினான்கு பெண்கள். போர்மேன் நடுங்கிப்போய் ஆள் கூட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்று மாதமாகவே இப்படித்தான். பகலெல்லாம் தூக்கம். சட்டையைத் திருப்பிப் போடுவான். அடுப்படியில் ஒன்றுக்கு இருப்பான்.

கம்பெனிப் பெண்கள் 'இடுமருந்து' என்றார்கள். புருசனைத் தன் பக்கம் இழுக்கப் பெண்டாட்டி சோற்றில் கலந்து கொடுப்பது. வயிற்றில் ஒட்டிக்கொண்டு புத்தியையே மாற்றிவிடுமாம். தாயில்லாத தம்பியை வளர்ப்பதற்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள் ஆவுடைத்தாய். வந்த புதிதில் வள்ளித்தாய் தனிக்குடித்தனம் கேட்டது அவளுக்கு மறக்கவில்லை.

"மதினி, கறி முட்டை தின்ன மறுநா அவுகளுக்குத் தடுமாத்தம் கூடுது. கஞ்சியும் மோரும் குடிச்சா கொஞ்சம் தெளியுறாக. பாத்துப் பாத்துத்தான்…"

"பட்டினி போட்டுக் கொல்லப் பாக்க. எலும்பும் தோலுமா ஆக்கிட்ட. உங்காத்தா வீட்டுக்குப் போ. அவன நான் தேத்திக்கிடுதேன்."

"அவுக சொல்லட்டும். போறேன்."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தான். வள்ளித்தாய் மாற்றுச்சேலையை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தத்தில் இருந்த ஆத்தா வீட்டுக்கு நடந்தாள்.

ஆவுடைத்தாய் தம்பியை எம். புதுப்பட்டிக்கு வண்டி கட்டிக் கூட்டிப்போனாள். அங்கே இடுமருந்து எடுப்பவள் அவன் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டினாள். "வெளிய வந்துருச்சு. இனி நல்லாத் திங்கக் குடு."

அன்றிலிருந்து நாட்டுக்கோழிக் குழம்பும் அவித்த முட்டையும் தன் கையாலேயே ஊட்டினாள். நான்காம் நாள் காலையில் அவன் எழவில்லை. உலுக்கினால் முனகல்கூட இல்லை.

கம்பெனி லாரியில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேதி கேட்டு வள்ளித்தாயும் பஸ் ஏறி வந்துசேர்ந்தாள். டாக்டர் இருவரையும் நிற்கவைத்து விசாரித்தார். முன்பு மஞ்சள்காமாலை வந்ததுண்டா என்று கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் வந்தது என்றாள் வள்ளித்தாய். என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"இவருக்கு ஈரல் சுருங்கிப்போச்சும்மா. நம்ம எல்லார் குடல்லயும் கோடிக்கணக்குல கிருமி இருக்கு. கறி, முட்டையில இருந்து அதுக ஒரு நஞ்சை உண்டாக்கும். நல்ல ஈரல் அதை வடிச்சிரும். இவருக்கு வடிக்க ஆளில்ல. நஞ்சு நேரா மூளைக்குப் போகுது. புத்தி மாறுறது அதனாலதான்."

"யாரும் மருந்து வைக்கலயா, ஐயா?" ஆவுடைத்தாய் கேட்டாள்.

"யாரும் வைக்கல. கஞ்சியும் மோரும் குடுத்தவங்க யாரு? அவங்கதான் இத்தன நாள் இவர இழுத்துப் பிடிச்சிருக்காங்க."

ஆவுடைத்தாய் கோழிக்குழம்பு ஊட்டிய தன் கையைப் பார்த்தாள்.

குடலைக் கழுவி, மூக்குக் குழாய் வழியாகக் கிருமியை அடக்கும் மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கண் திறந்தான். ஐந்தாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தெளிவு நிற்காது, ஈரல் முடிந்துபோயிற்று என்று டாக்டர் அக்காவிடமும் வள்ளித்தாயிடமும் சொல்லியிருந்தார்.

"வள்ளி… நீ எங்க போன? நான் கெடந்த கெடையில அக்கா மட்டுந்தான் இருந்தா."

"தம்பி, அவ போகலய்யா. நான்தான்…"

வள்ளித்தாய் மதினியின் கையை இறுகப் பிடித்தாள். "எங்காத்தாவுக்கு மேலுக்குச் சொகமில்ல. அதான் போனேன். தப்புதான்."

"போயிருக்கப்படாது வள்ளி." அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

வராந்தாவில் ஆவுடைத்தாய் அழுதாள். "என்னய ஏன் சொல்லவிடல? என் பாவத்த நீ ஏன் சொமக்க?"

"அவுகளுக்குத் தாய்னு இருக்கது நீங்க ஒராள்தான். அந்த நெனப்போடயே இருக்கட்டும். அளுவாதீக, கேட்டுருவாக."

பதினோரு நாள் தெளிவாக இருந்தான். அக்காவைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டான். வள்ளித்தாய் உடம்பு துடைத்துவிடும்போது கண்ணை மூடிக்கொள்வான். பன்னிரண்டாம் நாள் மறுபடி பேச்சுக் குழறியது. அதன்பின் அவன் விழிக்கவில்லை.

நாரணாபுரத்துக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது கம்பெனிப் பெண்கள் திரண்டு வந்தார்கள். வள்ளித்தாய் தலைமாட்டில் உட்காரப் போனாள். "மருந்து வச்சவளுக்குத் தலைமாடு கேக்குதாக்கும்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஆவுடைத்தாய் எழுந்து நின்றாள்.

"இவ எதையும் வைக்கல. இவ காப்பாத்தி வச்சிருந்தா. நான் இவள வெரட்டிட்டு, கோளி அடிச்சுப் போட்டு, என் கையாலயே அவன… எல்லாரும் கேட்டுக்கோங்க, நான்தான்."

அந்தச் சொல்லுக்காகத்தான் வள்ளித்தாய் விஸ்வநத்தத்தில் இருந்த நாளெல்லாம் சாமி கும்பிட்டாள். இப்போது அது காதில் விழுந்தும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிய அவன் முதுகு மட்டுமே கண்ணில் நின்றது. வள்ளித்தாய் போய் ஆவுடைத்தாயை மார்போடு சேர்த்துக்கொண்டாள். வேறு யாரும் பக்கத்தில் வரவில்லை.