நாற்பதாயிரம் வீடுகளின் வரைபடம்

காலை 9.10. நகரத் திட்ட அலுவலகத்தின் தலைமை அதிகாரி பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்த தகரக் குழாயைத் திறந்து, உள்ளே இருந்த சுருளை உருவி விரித்தார். முகம் வெளுத்துப்போயிற்று. இருபது ஆண்டுகளில் நகரம் கட்ட வேண்டிய நாற்பதாயிரம் வீடுகளுக்கு, கிழக்கே உள்ள செங்கல் சூளை நிலம் உட்பட, இடம் குறித்த வரைபடம் அதில் இல்லை. இருந்தது ஏதோ பழைய சாக்கடைப் படம்.

பதினொன்றரைக்கு மன்றத்தில் வாக்கெடுப்பு. கையெழுத்திட்ட மூலப்படம் இல்லையென்றால் திட்டம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

9.35. இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். அதிகம் பேசாதவர், கண் மட்டும் சும்மா இருக்காது. பூட்டு உடையவில்லை. அலமாரிச் சாவி மூன்று பேரிடம் இருந்தது: படம் வரைபவராகச் சேர்ந்து உயர்ந்த தலைமை அதிகாரி, படம் வரைந்த பெண், மூன்று மாதத்துக்கு முன் வேறு துறையிலிருந்து வந்த மேலாளர். நேற்று கடைசியாகப் பூட்டியவள் என்பதால் பழி வரைந்தவள் தலையில் விழுந்தது. மேலாளர் ஒரு படி மேலே போய் அவளுடைய பணிநீக்க உத்தரவையே தயார் செய்து வைத்திருந்தார். மாமியார், கணவன், இரண்டு பிள்ளைகளோடு அவள் இருப்பது ஒற்றை அறை வாடகை வீடு. வேலை போனால் அதுவும் போய்விடும்.

நாலடிச் சுருள் எதுவும் வாசலைத் தாண்டவில்லை என்று காவலாளி அடித்துச் சொன்னார். அப்படியானால் படம் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் சுவரோரத் திறந்த அடுக்குகளில் முந்நூறு சுருள்கள், நுனி மட்டும் தெரியும்படி செருகியிருந்தன. எல்லாவற்றையும் விரித்துப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும்.

10.20. வரைந்தவள் பத்துச் சுருள்களை உருவிப் பார்த்துவிட்டாள். பத்திலும் கோடுகள் வெளிப்பக்கம் இருந்தன. ஏன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அப்பதான் மேடம், விரிச்சா ஓரம் மேசையில படிஞ்சு உட்காரும். உள்பக்கமா சுருட்டினா எழும்பி எழும்பி வரும். வரையறவங்களுக்கு முதல் வாரமே கையில வந்துடும்."

குழாயிலிருந்து உருவியபோது சாக்கடைப் படம் எப்படி இருந்தது என்று தலைமை அதிகாரியிடம் விசாரித்தார். வெளியே வெறும் வெள்ளைதான் தெரிந்தது என்றார் அவர்.

"அப்போ எதையும் விரிக்க வேண்டாம். அதைச் சுருட்டின கைதான் நம்ம படத்தையும் சுருட்டியிருக்கும். பாதி இழுத்துப் பாருங்க. வெளியே வெள்ளையா ஒண்ணு இருக்கும்."

10.50. ஐந்தாவது வரிசையில் இருந்தது. போன உயிர் எல்லாருக்கும் திரும்பி வந்தது.

இன்ஸ்பெக்டர் மேலாளர் பக்கம் திரும்பினார். "இவங்க ரெண்டு பேரும் காலமெல்லாம் வரைஞ்ச கை. புதுப் படத்தை மறைக்க உள்பக்கமா சுருட்டினாங்கன்னே வச்சுக்குவோம். பழைய சாக்கடைப் படத்தை ஏன் அப்படிச் சுருட்டணும்? படம் அழுக்காகாம இருக்கட்டும்னு உள்ளே வச்சுச் சுருட்டறது என்னை மாதிரி, உங்களை மாதிரி ஆளுங்கதான் சார். நான் நேத்து இங்க வரல."

மேலாளர் தொப்பென்று உட்கார்ந்தார்.

"திட்டத்துல போற அந்தச் சூளை என் மாமனாரோடது மேடம். ஒரு வருஷம் தள்ளினா போதும், வேற வழி பார்த்துக்கறேன்னார். ஒரு மாசமா வீட்டுல நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விடல."

11.50. திட்டம் நிறைவேறியது. வரைந்தவள் மாடிப்படியில் உட்கார்ந்து ஆசை தீர அழுதுவிட்டுக் கணவனுக்குப் போன் செய்தாள். வேலை போகவில்லை என்றதும் அவன் பெருமூச்சு விட்டான். பிறகு, அந்த நாற்பதாயிரத்தில் நமக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டான்.

"வரிசையில நிக்கணும்ங்க," என்றாள். "இத்தனை நாள் நிக்கறதுக்கு வரிசையே இல்லையே."