கொட்டாத தேநீர்

வீட்டுக்குள் அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. பலமாக இல்லை, காதுக்குள் பஞ்சை அடைத்தது போல, ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக. கீழே தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறிகள் ஓடுகின்றன என்று நினைத்துக்கொண்டான் மிலான். கந்தப்பளையில் பிறந்தவனுக்கு அது காதில் விழுந்தும் விழாத சத்தம்.

தங்கை டோரீனின் வீட்டு ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தான். மாலை நேரம். கண்ணாடிக்கு வெளியே மூடுபனி அப்பிக்கிடந்தது. எதிர்மலையில் வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகளான லயங்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஓய்வில்லாமல் விமானம் ஓட்டிய அசதி எலும்புவரை இறங்கியிருந்தது. கோப்பையை வாங்கக் கையைத் தூக்குவதே பாரமாக இருந்தது.

"ஃபெக்டரி இன்னைக்கு நல்லா ஓடுது போல?" என்றான்.

"ஞாயித்துக்கிழமை என்னாண்ணே ஃபெக்டரி? கேப்டன் தொரைக்குக் கெழமையே மறந்துருச்சா?" டோரீன் சிரித்தாள்.

அவனும் சிரித்து வைத்தான். விமானத்தில் வந்த காது அடைப்பு இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

"அது கெடக்கட்டும். ப்ளேன் ஒரு பக்கமா சாயிறப்ப டீயெல்லாம் மடியில கொட்டிறாதா?"

எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சலித்த பதில். "ஒழுங்கா திருப்புனா ஒரு சொட்டுக் கொட்டாது. ப்ளேன் சாஞ்சிருக்கும், கோப்பையில டீ மட்டமா நிக்கும். மேகத்துக்குள்ள இருந்தா, சாஞ்சிருக்கோமுன்னே தெரியாது."

"அப்ப எப்படித்தான் கண்டுபுடிப்பீங்க?"

"முன்னால மீட்டர் இருக்குல்ல, அதத்தான் நம்பணும். உடம்பு பொய் சொல்லும். கொஞ்சம் கனக்கும். அதயும் அசதின்னு நெனச்சுக்குவோம்."

சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தான். கோப்பையோடு மடியில் கிடந்தது. கனத்தது.

"கீழ் லயத்து லெட்சுமி உங்க ப்ளேன்லதானே வந்தா?" என்றாள் டோரீன். "சவூதியில வீட்டு வேல முடிஞ்சு வாறாள்னு அவ புருஷன் பழனியாண்டி நேத்துலருந்து நானுஓயா ஸ்டேஷன்லயே நிக்கிறான். பொண்டாட்டி இன்னும் வந்து சேரலையாம்."

லெட்சுமி. ஞாபகம் இருந்தது. ஏறும்போதே அவனைப் பார்த்துவிட்டு, "பத்திநாதன் அண்ணன் மகன்தானே ஓட்டுறீங்க? அப்ப நான் பயமில்லாம தூங்குவேன்" என்றவள். அவளைப் போல் வீடு திரும்பும் பெண்கள் விமானம் நிறைய இருந்தார்கள்.

'வந்துருவா, நேத்தே எறங்கிட்டோமே' என்று சொல்ல வாயெடுத்தான்.

எப்போது இறங்கினோம்?

கிளம்பியது தெரியும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பேய்மழை, தெற்கே மத்தளையில் போய் இறங்கச் சொன்னார்கள். மலைகளுக்கு மேலே மேகத்துக்குள் திருப்பினான். பக்கத்தில் துணை விமானியின் தலை தூக்கத்தில் சரிந்தது. பிறகு? சக்கரம் தரையைத் தொட்ட அதிர்வு? இல்லை. மலைக்கு ஏற்றிவந்த வேன், டிரைவரின் முகம்? இல்லை.

இரைச்சல். தோளை இறுக்கும் பட்டை. ஸ்வெட்டர்தான் என்று சொல்லிக்கொண்டான். குனிந்து பார்க்கவில்லை.

"டோரீனு, எனக்குக் கதவத் தொறந்தது நீதானே?"

அவள் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள்? கைகள் மடியில். முகம் ஜன்னலை நோக்கி.

"டீயக் குடிங்கண்ணே. கொட்டாது."

பின்னால், சமையலறைத் திரைக்கு அப்பால், யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. டோரீனுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் பின்னால் மூச்சுச் சத்தம். நிறையப் பேர். நம்பித் தூங்குகிறவர்களின் மூச்சு.

மூடுபனி கிழிந்தது.

லயத்து விளக்குகள். வரிசையாக. ஒரு முனை மேலே. மறுமுனை கீழே. தொங்கும் பல்பு நேராக இருந்தது. சுவரில் சிலுவை நேராக. வெளியே மலை மட்டும் சாய்ந்து நின்றது.

கையைத் தூக்கினால் போதும். விமானத்தை இழுத்து நிமிர்த்திவிடலாம். தூக்கினான்.

கை வரவில்லை.

விளக்குகள் பெரிதாயின. தேயிலைச் செடிகள் தனித்தனியே தெரிந்தன. கூரை. ஜன்னல். அந்த வீட்டின் வாசலில் டோரீன் நின்றாள், ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கை கண்ணுக்கு மேலே, அவனை அண்ணாந்து பார்த்தபடி.

அவன் மடியில், கோப்பைக்குள், தேநீர் மட்டமாக நின்றது.