மாதிரி இல்லை, மூடப்படுகிறது

அவள் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது வாசனை. பினாயில், ஈரச் சுண்ணாம்பு, அதற்கும் அடியில் லேசான இனிப்பாக ஏதோ ஒன்று. பெட்டிக்குள் வெகுநாள் கிடந்த துணியை எடுத்து உதறினால் வருமே, அது மாதிரி. மதியம்தான். ஆனால் வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றதால், நடைபாதையின் கடைசி தெரியவில்லை.

"குடையை வெளியவே வச்சிடுங்க மேடம், தரை வழுக்கும்" என்றான் ஒயர்க்காரத் தம்பி. அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர், கேபிள், மணி, விளக்கு எல்லாம் அவன் பொறுப்பு. "அந்த சாஃப்ட்வேர் எழுதினது நீங்கதானா?"

"எழுதினவர் விட்டுட்டுப் போயிட்டார். நான் பாத்துக்கறேன். அவ்வளவுதான்."

"சம்பளம்?"

"திட்டுதான் சம்பளம்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த வார்டில் அன்று கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

அவள் பார்த்துக்கொண்ட மென்பொருள், கேபிள்களில் ஓடும் செய்திகளை ஒட்டுக்கேட்டு, எந்தக் கருவி எதற்கு என்ன அனுப்பியது என்று வரிவரியாகத் திரையில் காட்டும். இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். பிழை கண்டவர்கள் இணையத்தில் புகார் எழுதுவார்கள். அவள் படிப்பாள், திருத்துவாள், அல்லது திருத்த ஒன்றுமில்லை என்று புகாரையே மூடுவாள். மூடுவதுதான் அதிகம். அதனாலேயே இணையத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். வீட்டில் கணவருக்கும் அது பிடித்துப்போய், காலையில் அவள் கிளம்பும்போதுகூட, "பூட்டக்கா, இன்னிக்கு எந்தக் கதவைச் சாத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

"விஷயம் இதுதான் மேடம்" என்று தம்பி சுவரைக் காட்டினான். நர்ஸ் மேஜைக்கு மேலே ஒரு பலகை. கட்டிலுக்கு ஒரு விளக்கு. நோயாளி மணியை அழுத்தினால் இங்கே விளக்கு எரியும், ஒலியும் வரும். "காசு கொடுத்து வாங்கின பலகை கெட்டுப்போச்சு. புதுசுக்கு ஆஸ்பத்திரில வழியில்ல. எனக்கு முன்னாடி இருந்த அண்ணன், உங்க சாஃப்ட்வேரை வச்சு இதைச் செஞ்சார். கட்டில்லேர்ந்து வர்ற செய்திய அது படிக்கும், பலகை எரியும்."

"நல்ல மூளை."

"இந்த வார்டு பூட்டிக் கிடந்தது. நாளைக்குத் திறக்கறோம். அதுக்காக உங்க புது வெர்ஷனைப் போட்டேன். போட்டதும் ஆரம்பிச்சுது."

சன்னலோரக் கட்டிலின் விளக்கு எரிந்தது.

டிங்.

அவள் வரிசையாகக் கட்டில்களைப் பார்த்தாள். எல்லாம் வெறும் மெத்தைகள். சன்னலோரத்தில் ஒருவரும் இல்லை.

"பதிவை எடுத்து எனக்கு அனுப்பியிருக்கலாமே? நான் வீட்லயே பாத்திருப்பேன்."

"ஓடற செய்தியெல்லாம் பதிவுல இருக்கும் மேடம். நோயாளி பேரு, வியாதி எல்லாம். ஒரு வரிகூட வெளிய போகக்கூடாதுன்னு சட்டம். அதனாலதான் உங்களையே கூப்பிட்டேன்."

அவள் உட்கார்ந்து திரையில் வரிகளை ஓடவிட்டாள். சன்னலோரக் கட்டிலின் செய்தி வந்துகொண்டே இருந்தது. அனுப்புநர் இருந்தது. பெறுநர் இருந்தது. உள்ளே மட்டும் எதுவும் இல்லை. உறை இருக்கிறது, கடிதம் இல்லை என்பதுபோல.

"இது பழைய மாடல் மணி. அழுத்தினா வெறும் செய்திதான் அனுப்பும். முந்தின வெர்ஷன் வெறும் செய்தியெல்லாம் குப்பைன்னு தள்ளிடும். போன மாசம்தான் அந்த வரியை எடுத்தேன். ஒரு பெரிய கம்பெனி ஆள் மாதிரிப் பதிவோட எழுதியிருந்தான், அது பிழைன்னு. அதான் இப்ப தெரியுது. மணியை மட்டும் கழட்டிடுங்க, சரியாயிடும்."

தம்பி மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே மஞ்சளேறிய மணி ஒன்று கிடந்தது. ஒயர் அறுந்து தொங்கியது. முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் கருவியின் முகவரி. திரையில் இருந்த அதே முகவரி.

"கழட்டி நாளாச்சு மேடம்."

டிங்.

பெட்டிக்குள் கிடந்த பொத்தான் அசையவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

"அவர்தான்" என்றது ஒரு குரல்.

வாசலில் வயதான சிஸ்டர் ஒருவர் நின்றிருந்தார். கையில் மடித்த போர்வைகள். "தம்பி நம்ப மாட்டேங்குது. நான் வந்த உடனே சொல்லிட்டேன், அவர்தான்னு."

"யார் சிஸ்டர்?"

"இந்தப் பலகையைச் செஞ்ச ஒயர்க்காரர்தான். நெஞ்சு நோயோட அந்தக் கட்டில்லயே வந்து படுத்தார். 'நான் செஞ்ச பலகை, என்னை ஏமாத்தாது சிஸ்டர்'னு கிண்டல் வேற." சிஸ்டர் போர்வைகளை மேஜையில் வைத்தார். "ஒருநாள் கேட்டார், 'சிஸ்டர், நான் அழுத்தினேனே, ஏன் வரலை?' விளக்கே எரியலையேன்னேன். மறுபடி அழுத்திக் காட்டினார். எரியல. அந்த ஒரு மணிதான் பழசு. மனுஷனுக்குப் புரிஞ்சுபோச்சு. படுத்துக்கிட்டே போன்ல யாருக்கோ எழுதினார், உங்க சாஃப்ட்வேர்ல பிழை இருக்குன்னு."

அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன.

"பதில் வந்துதா?" என்று தம்பி கேட்டான்.

"வந்துதே. படிச்சுட்டுச் சிரிச்சார். 'மாதிரிப் பதிவு அனுப்பணுமாம் சிஸ்டர். அனுப்பக் கூடாதுன்னு சட்டம்னு சொன்னேன். மாதிரி இல்லைன்னு மூடிட்டாங்க. யாரோ பூட்டக்காவாம்.' அப்படின்னார். சரி, நானே வேற வழி பண்றேன்னார். பண்றதுக்குள்ள..." சிஸ்டர் சன்னலைப் பார்த்தார். "நான் இங்கதான் உக்காந்திருந்தேன். இதே நாற்காலி. பலகை சும்மா இருக்கேன்னு நிம்மதியா உக்காந்திருந்தேன். போய்ப் பாத்தப்ப, கை பொத்தான் மேலயே இருந்துது."



அவளுக்கு நினைவு வந்தது. அந்தப் புகார் வந்த நாளில், ஒரே மாலைக்குள் குவிந்திருந்த புகார்களைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். 'மாதிரி இல்லாமல் பிழை இல்லை. முதலில் உங்கள் கேபிளை மாற்றிப் பாருங்கள். மூடப்படுகிறது.' கேபிள் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருந்தாள். அதைப் பத்துப்பேர் ரசித்தார்கள். கேபிளே தொழிலாக வாழ்ந்தவரிடம், கேபிளை மாற்றிப் பார் என்று சொல்லியிருக்கிறாள்.

முகம் எரிந்தது. காது மடல்வரை எரிந்தது.

"அந்தப் பூட்டக்கா யாருன்னு தெரியுமா மேடம்? உங்க ஆளுங்கதானே?" என்றார் சிஸ்டர்.

"தெரியாது" என்றாள்.

டிங்.

"இதெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு நோயாளி வர்றாங்க. இது இப்படி அடிச்சிட்டே இருந்தா வார்டைத் திறக்கவே விடமாட்டாங்க. வெறும் செய்தியைப் பழையபடி தள்ளிவிட்டுடுங்களேன். ஒரு வரிதானே?" என்றான் தம்பி.

ஒரு வரிதான். அந்த வரியைத் திரும்ப எழுதினால் சன்னலோரக் கட்டில் அடங்கிவிடும். அவளும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். இன்னொரு பழைய மணி வேறெங்கோ, வேறு யார் கையிலோ இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினாள். மென்பொருளை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள்.

திரை வெறுமையானது.

விளக்கு அணைந்தது.

"அப்பாடா" என்றான் தம்பி.

டிங்.

திரையில் ஒரு வரியும் இல்லை. விளக்கு எரிந்தது. தம்பி பாய்ந்துபோய் மென்பொருளை நிறுத்தினான்.

டிங்.

பலகையின் பிளக்கைப் பிடுங்கினான். கையில் பிளக்கோடு நின்றான்.

டிங். டிங். டிங்.

அந்த இனிப்பு வாசனை இப்போது வெகு பக்கத்தில் இருந்தது.

"மேடம், எதாவது பண்ணுங்க..."

"இங்கேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாது தம்பி" என்றார் சிஸ்டர் மெல்ல. "மேஜைல உக்காந்து மணியை அணைக்க முடியாது. கட்டில்கிட்ட போய்த்தான் அணைக்கணும். எந்த ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான். ஆள் வந்தாச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல?"

அவள் சிஸ்டர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"சிஸ்டர்."

"சொல்லுங்க."

"மூடினது நான்தான். பூட்டக்கா நான்தான்."

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க?" என்றார். சன்னல் பக்கம் கை காட்டினார்.

வார்டின் நீளம் அவ்வளவு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. நடக்க நடக்க வெளிச்சம் குறைந்தது. மெத்தையின் நடுவில் ஒரு குழி, ஆள் படுத்திருப்பது போல. சுவரில் மணி இருந்த இடத்தில் பெயர்ந்த சுண்ணாம்பும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒயர் முனையும்தான் இருந்தன.

அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

"வந்துட்டேன்" என்றாள். மறுபடி சொன்னாள். "வந்துட்டேங்க. கேபிள்ல ஒண்ணும் இல்ல. பிழைதான். நீங்க சொன்னது சரிதான். நான்தான் பாக்கல."

சத்தம் நின்றது.

மெத்தையின் குழி மெதுவாக நிமிர்ந்தது.

அன்று மாலைக்குள் அவள் தான் எழுதிய வரியை அழித்தாள். இணையத்தில் அந்தப் பழைய புகாரைத் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதினாள்: 'பிழை இருந்தது. நான் படிக்காமல் மூடினேன். எழுதியவர் இப்போது இல்லை.' சிரிப்புப் பொம்மையை மட்டும் அழிக்கவில்லை. அது அங்கேயே கிடந்து தன்னைப் பார்க்கட்டும் என்று விட்டாள்.

வார்டு திறந்தது. தம்பி சன்னலோரத்தில் புது மணி பொருத்தினான். கொஞ்ச நாள் கழித்து சிஸ்டரிடமிருந்து போன்.

"மேடம், பயப்படாம கேக்கணும்."

"சொல்லுங்க சிஸ்டர்."

"சன்னலோரக் கட்டில் அடிச்சுது. ஓடினேன். அங்க இருக்கற அம்மா நல்லா உக்காந்து தலை சீவிட்டிருக்காங்க. 'நான் அழுத்தலையே'ன்னாங்க. சொல்லி வாய் மூடல, மூச்சு நின்னுபோச்சு. நான் பக்கத்துலயே இருந்ததால பொழச்சாங்க."

"புது மணி தானா அடிச்சிருக்கும் சிஸ்டர்."

"தம்பி பதிவைப் பாத்துட்டான் மேடம். புது மணி அடிக்கவே இல்ல." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு முன்கூட்டியே தெரியுது போல. பிளக்கை மறுபடி பிடுங்கிடாதேன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில். வீட்டு மேஜையில் உட்கார்ந்து, அடுத்த வெர்ஷனை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் கணவர் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தார். திரையில் வழக்கமான வரிகள். அவள் கம்ப்யூட்டர், அவர் போன், பிரிண்டர்.

அவற்றுக்கு நடுவே ஒரு வரி.

அனுப்புநர் இருந்தது. பெறுநர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அந்த முகவரி அவளுக்கு மனப்பாடம். அட்டைப்பெட்டியில் கிடந்த மணியின் முதுகில் ஒட்டியிருந்தது.

ஒற்றை வரியை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது, மறுபடி வருகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். அவள் தொழிலில் அதுதான் முதல் பாடம். குளியலறையில் பாட்டு இன்னும் நிற்கவில்லை. நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

அவள் மாதிரி கேட்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து ஓடினாள்.